மூன்றாவது யன்னலின் பச்சை

அந்த நகரசபைக் கட்டடத்துக்குள் மகேந்திரராஜா என்று ஒருவர் கிடையாது. அங்கே அவர் ஹெர் தம்பித்துரை. தகப்பனின் பெயர் ஜேர்மன்காரரின் தாள்களில் குடும்பப் பெயராக ஏறிக்கொண்டு, முப்பத்தெட்டு வருடமாக இறங்க மாட்டேன் என்று நிற்கிறது. உண்மையான தம்பித்துரை செத்து எத்தனையோ காலம். ஆனாலும் தினமும் காலை ஏழு மணிக்கு, வுப்பர்டாலில் இருந்து ரயிலில் இருபது நிமிடத் தூரத்தில் உள்ள ஒரு சின்ன நகரத்தில், "குட்டன் மோர்கன், ஹெர் தம்பித்துரை" என்று அந்த மனிசனைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நகரத்தின் பெயர் வேண்டாம். சொன்னால் கோபிக்கிறதுக்கு அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மகேந்திரராஜாவுக்கு அங்கே ஹவுஸ்மைஸ்டர் வேலை. கட்டடத்தின் பூட்டுகளுக்கான திறப்பு எல்லாம் அவர் இடுப்பில். குழாய் அடைத்தால் அவர், பல்பு எரிந்துபோனால் அவர், பனி கொட்டினால் படிக்கு உப்புத் தூவுவதும் அவர். ஆனால் அவருக்குப் பிடித்த வேலை இரண்டாம் மாடி மண்டபம். ஆணைக்குழுக்கள் கூடுவது அங்கேதான். கதிரைகளை வளைத்துப் போட்டு, பெயர் அட்டைகளை நிறுத்தி, கோப்பியும் தண்ணீரும் வைத்து, கடைசிக் கதிரைக்குப் பின்னால் ஓரமாக நின்றுகொள்வார்.

மாதத்தின் முதல் செவ்வாயில் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் ஆணைக்குழு கூடும். ஒரு வீட்டை டெங்க்மால் என்று பட்டியலில் சேர்த்துவிட்டால் பிறகு அதில் ஆணி அடிக்கவும் இவர்களைக் கேட்கவேண்டும். கூரை ஓடு சிவப்பா சாம்பலா என்று இரண்டு வருடம் கதைப்பார்கள். ஆறு தரம் ஒத்திவைப்பார்கள், ஏழாம் தரம் நிபுணர் அறிக்கை கேட்பார்கள், அதற்குள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிடுவார். மூன்றாவது வியாழனில் ஆட்களை வேலைக்கு எடுக்கும் ஆணைக்குழு. அது அரைமணித்தியாலத்தில் முடிந்துவிடும். ஓட்டுக்கு இரண்டு வருடம், மனிசருக்கு அரைமணி. இதை மகேந்திரராஜா வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆட்களைப் பற்றிய கதை எப்போதும் மூடிய கூட்டம்தான். தலைவர் தலையை ஆட்டினதும், பார்க்க வந்த சனத்தை வெளியே விட்டு, இரட்டைக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு அவரும் வெளியே நிற்கவேண்டும்.

வேலைக்கு ஆள் எடுக்கிற விசயத்தில் அவருக்கு ஒரு பழைய காயம் இருந்தது. பத்தொன்பது வயதில் யாழ்ப்பாணத்தில் அரசாங்க எழுத்தர் வேலைக்கான கிளறிக்கல் சோதனை எழுதி நல்லாகத்தான் பாஸ் பண்ணினார். நியமனம் வரவில்லை. எம்.பி.யின் கடிதம் கொண்டுபோனவனுக்கு வந்தது. தகப்பன் தம்பித்துரை மூன்று தரம் எம்.பி.யின் வாசலுக்குப் போய் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். மூன்றாம் தரம் வந்தபோது மகனின் முகத்தைப் பார்க்காமல் நேரே கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவினார். அதற்குப் பிறகு நாட்டிலும் எல்லாம் குழம்பிப்போக, மகேந்திரராஜா எண்பத்தாறில் கிழக்கு பெர்லின் வழியாக இங்கே வந்து, வுப்பர்டாலில் ஒரு ரெஸ்டோரன்டில் பதினொரு வருடம் கோப்பை கழுவினார்.

தொண்ணூற்றெட்டில் பேப்பரில் விளம்பரம் பார்த்து இந்த வேலைக்கு எழுதிப்போட்டார். மூன்று பேர் இருந்து கேள்வி கேட்டார்கள். ஒழுகுகிற குழாய் ஒன்றைக் காட்டித் திருத்தச் சொன்னார்கள். திருத்தினார், வேலை கிடைத்தது. ஒருத்தரின் கடிதமும் இல்லை, ஒருத்தரின் காலும் பிடிக்கவில்லை. அவர் வாழ்க்கையில் பெரிய புளுகம், பெரிய சந்தோசம் அதுதான். ஆனால் எங்கட சனம் விடுமா? "மகேந்திரன் ஆரோ பெரிய இடத்தைப் பிடிச்செல்லோ உள்ள போனவன்" என்று ஒரு கலியாண வீட்டில் யாரோ சொல்ல, அது சுற்றிச் சுற்றி அவர் காதுக்கே வந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடாமல் எழும்பி வந்துவிட்டார். அந்தச் சொல்லை அவர் மறக்கவே இல்லை.

மகள் ஒருத்தி, கம்சனா. இங்கே பிறந்தவள். தகப்பனுக்கு தம்பித்துரை எப்படி வந்ததோ அப்படியே அவளுக்கு மகேந்திரராஜா குடும்பப் பெயராக வந்தது. பத்து வயதிலேயே, தகப்பன் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னம், "அப்பா, இண்டைக்கு எந்த வீட்டை உடைக்கப் போகினமாம்?" என்று கேட்பாள். மகேந்திரராஜா ஆணைக்குழுவில் நடந்ததை நாடகம் மாதிரி நடித்துக் காட்டுவார். தலைவர் எப்படிக் கண்ணாடியைத் துடைப்பார், கூரை ஓட்டுக்குச் சண்டை பிடிக்கிற மனிசன் எப்படி மேசையில் குத்துவார் என்று எல்லாம் வரும். குமுதினி சோறு போட்டுக்கொண்டே, "தேப்பனும் மோளும் சாப்பிட்டிட்டுக் கூத்தாடுங்கோவன்" என்பாள்.

ஒரு நாள் மண்டபத்தின் இடது பக்கம் மூன்றாவது யன்னலின் பிடி இறுகிப்போனது. கம்சனாவுக்கு அப்போது பதினைந்து வயது. மகேந்திரராஜா பிடியின் பித்தளைத் தட்டைக் கழற்றினார். தட்டுக்கு அடியில், உள்ளங்கை அளவுக்கு, கரும் போத்தல் பச்சை. மற்ற இடமெல்லாம் ஏழெட்டுப் பூச்சு வெள்ளை. தட்டை ஒருத்தரும் கழற்றாமலே நூறு வருடமாக மேலே மேலே பூசியிருக்கிறார்கள். அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பிடிக்கு எண்ணெய் விட்டு, தட்டைத் திரும்பப் பூட்டினார். வீட்டில் வந்து சொன்னார்.

"கந்தோரிலை சொன்னீங்களா அப்பா?"

"ஆர் என்னைக் கேட்டவை?"

பன்னிரண்டு வருடம் கழித்து, அதே யன்னல்களுக்கு என்ன நிறம் அடிப்பது என்று ஆணைக்குழு மல்லுக்கட்டத் தொடங்கி, மூன்று வருடமாகியும் முடியவில்லை. ஒரு கட்சி வெள்ளை, ஒரு கட்சி சாம்பல். மகேந்திரராஜா கோப்பி ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டு நின்றார். "வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொன்னால் என்னப்பா குறைஞ்சுபோவியள்?" என்று குமுதினி ஏசினாள். அவர் சொல்லவில்லை. படித்தவர்கள் கதைக்கிற இடத்தில் ஹவுஸ்மைஸ்டர் கை தூக்குவதா? கேட்டால் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

அதற்கிடையில் கம்சனா கட்டடக்கலை படித்து முடித்திருந்தாள். பழைய கட்டடங்களைப் பராமரிக்கிற படிப்பையும் மேலே படித்தாள். ஆனால் வேலை என்று பார்த்தால் எல்லாம் ஒரு வருடம், எட்டு மாதம் என்று துண்டு துண்டாக. ஆறு வருடத்தில் ஐந்து இடம். ஒவ்வொரு தரமும் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு வெளியே வருவாள். முப்பது வயதிலும் வீட்டு வாடகைக்கு எழுதிக் கொடுக்க ஒரு நிரந்தர வேலைக் கடிதம் இல்லை. அப்போதுதான் தகப்பனின் நகரசபையில், பழைய கட்டடங்களைக் கவனிக்கிற டெங்க்மால் கந்தோரில் ஒரு இடம் வந்தது. நிரந்தர இடம். பென்சன் வரைக்கும் ஒருத்தரும் அசைக்க ஏலாது. இப்படி ஒன்று அந்தப் பக்கத்தில் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருக்கால்தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை பகல், குசினி மேசையில் இருந்து கம்சனா விண்ணப்பத்தை நிரப்பினாள். பதினான்காவது கேள்வி: இந்த நகரசபையின் சேவையில் உங்கள் உறவினர் யாராவது இருக்கிறார்களா?

"அப்பா, இதிலை ஓம் எண்டு போடுறன். உங்கட பேரும் எழுதவேணுமாம்."

"போடாதை."

"ஏன்?"

"போடாதை எண்டு சொல்லுறனெல்லோ. நீ எடுபட்டால், தேப்பனைப் பிடிச்சு உள்ள வந்தவள் எண்டுவினம். எடுபடாட்டில், கோப்பி ஊத்திறவன்ர மகளுக்கு வந்த ஆசையைப் பார் எண்டுவினம். எப்பிடிப் பாத்தாலும் உனக்குத்தான் கேவலம்."

"ஆர் அப்பா சொல்லப்போகினம்? கேட்டிருக்கினம், பதில் சொல்லுறம். அவ்வளவுதான். இவைக்கு இதெல்லாம் ஒரு விசயமே இல்லை."

"உனக்கு என்ன தெரியும்? நான் அங்கை இருபத்தாறு வருசம்."

குமுதினி வெங்காயம் வெட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "பேரே வேறை. அங்கை அவர் தம்பித்துரை, நீ மகேந்திரராஜா. தலைகீழாய் நிண்டாலும் அவங்களுக்குப் பிடிபடாது."

"அம்மா, பிடிபடுறதோ இல்லையோ, அது பொய்."

மகேந்திரராஜா தேத்தண்ணியை வைத்துவிட்டார். சோதனை பாஸ் பண்ணின கதை, கடிதம் இல்லாத கதை, தம்பித்துரை வெயிலில் நின்ற கதை எல்லாம் அவளுக்குப் பாடம். அவர் அதையெல்லாம் திரும்பச் சொல்லவில்லை. "பிள்ளை, நீ உன்ர படிப்பாலை மட்டும் போனனி எண்டு நான் ஒருக்கால் பாக்கவேணும். என்ர பேர் அந்தத் தாளிலை இருந்தால் அது போயிடும். இதிலை மட்டும் என்னை விட்டிடு" என்றார். குரல் உடைந்துபோனது. அவர் அழுது கம்சனா கண்டதில்லை. அவள் பேனையை ஒருக்கால் உருட்டினாள். பிறகு 'இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டாள்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதே இரண்டாம் மாடி மண்டபம். காலை எட்டு மணிக்கு ஆட்சேர்ப்புக் கந்தோர் ஜூலியன் ஐந்து கோவைகளைக் கொண்டுவந்து மகேந்திரராஜாவின் கையில் கொடுத்தான். கேள்விகள் உள்ளே இருந்தன, ஒட்டி முத்திரை குத்தியிருந்தது. அவர் அவற்றை ஐந்து கதிரைகளுக்கு முன்னால் நேராக வைத்தார். நடுவிலே டெங்க்மால் கந்தோரின் தலைவி பிராவ் ஓஸ்ட்காம்பின் கதிரை. தண்ணீர், கிளாஸ், கோப்பி. வழமையைவிட இரண்டு தரம் மேசையைத் துடைத்தார்.

கம்சனா கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு லிஃப்டால் வெளியே வந்தாள். ஜூலியன் பக்கத்தில் நின்றான். மகேந்திரராஜா, "குட்டன் மோர்கன்" என்றார். அவளும் "குட்டன் மோர்கன்" என்றாள். அவர் கதிரையைக் காட்டினார். ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து நீட்டி, அந்நியருக்குச் சொல்வது போல மரியாதையாக "பிட்டெ" என்றார். அவள் வாங்கி "டாங்கெ" என்றாள். ஒரே மூச்சில் குடித்தாள். காலையில் வெறும் வயிற்றோடு வந்திருப்பாள், அது அவருக்குத் தெரியும். 'ஆறுதலாய்க் கதை பிள்ளை, உனக்குத் தெரியாததே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பெற்ற பிள்ளைக்கு முன்னால் வழிப்போக்கன் மாதிரி நின்றுவிட்டு, பக்கெற்றைத் தூக்கிக்கொண்டு படியால் இறங்கினார்.

பின்னேரம் மூன்று மணிக்கு பிராவ் ஓஸ்ட்காம்ப் கீழே ஓடி வந்தார். ஐம்பத்தைந்து வயது மனிசி, சின்னப் பிள்ளை மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு.

"ஹெர் தம்பித்துரை, ஸ்குரூ டிரைவர் இருக்கிறதா? மேலே வாருங்கள், கெதியாக!"

மண்டபத்தில் அவர் மூன்றாவது யன்னலைக் காட்டினார். "இந்தத் தட்டைக் கழற்றுங்கள்."

மகேந்திரராஜா கழற்றினார். நாலு திருகாணி. பதினைந்து வருடத்துக்கு முன்னம் தானே பூட்டின திருகாணிகள். அடியில் அதே பச்சை. பிராவ் ஓஸ்ட்காம்ப் வாயைப் பொத்திக்கொண்டார்.

"யன்னல்களை எப்படித் திருத்துவீர்கள் என்று எல்லோரிடமும் கேட்டோம். எல்லோரும் புத்தகத்தில் உள்ளதைச் சொன்னார்கள். ஒரு பெண் மட்டும், இடது பக்கம் மூன்றாவது யன்னலின் பிடித்தட்டைக் கழற்றிப் பாருங்கள், அடியில் பச்சை இருக்கும் என்றாள். மூன்று வருடமாக நாங்கள் வெள்ளையா சாம்பலா என்று அடிபடுகிறோம்! அவளுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் யாருக்காவது இதைக் காட்டினீர்களா?"

ஸ்குரூ டிரைவர் அவர் கையிலே இருந்தது. என்ர மகள், என்று சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் வாழ்க்கையில் எங்கே வரும்? நெஞ்சு வெடிக்கிற மாதிரிப் பெருமை. ஆனால் அந்தத் தாளில் புள்ளடி கிடந்தது.

"இல்லை" என்றார்.

திங்கட்கிழமை கம்சனாவுக்குத் தொலைபேசி வந்தது. தெரிவுக்குழு அவளைத்தான் எடுத்திருக்கிறது, மூன்று கிழமையில் ஆணைக்குழு சம்மதம் சொன்னால் சரி. குமுதினி பாயாசம் காய்ச்சினாள். கண்ணூறு படும், ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது என்று தானே சட்டம் போட்டுவிட்டு, அடுத்த நாளே தங்கச்சிக்குச் சொல்லிவிட்டாள். மகேந்திரராஜா கதவைச் சாத்திக்கொண்டு குளியலறையில் அழுதார். தம்பித்துரை கால் கழுவினது அவருக்கு ஞாபகம் வந்தது.

கோதாரியில் போக, அந்தப் பச்சைதான் காலை வாரியது.

இரண்டாவதாக வந்தவர் இரண்டு வருடமாக அதே கந்தோரில் தற்காலிகமாக வேலை பார்த்தவர். அவரைக் குறை சொல்ல ஏலாது. அவருக்கும் இரண்டு பிள்ளைகள், அவருக்கும் அது கடைசி வண்டி. பச்சைக் கதை கந்தோர் முழுக்கப் பரவியிருக்க, அவர் வக்கீல் மூலம் ஆட்சேபம் எழுதினார். வெளியாள் ஒருத்திக்கு, பூட்டியிருக்கிற மண்டபத்து யன்னலின் தட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? யாரோ உள்ளே இருந்து கேள்வியையும் கொடுத்து விடையையும் கொடுத்திருக்கிறார்கள் என்பது அவர் வாதம். வெளியில் நின்று பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஜூலியன் மகேந்திரராஜாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். வழமையாகச் சிரித்துக் கதைக்கிற பிள்ளை, அன்றைக்குக் கதவைச் சாத்தினான்.

"மண்டபத்தின் திறப்பு உங்களிடம்தான். அன்று காலை கேள்விக் கோவைகளை மேசையில் வைத்ததும் நீங்கள்தான். நான் உங்களைச் சந்தேகப்படவில்லை, ஆனால் கேட்டு எழுதவேண்டும். அந்தப் பெண்ணை உங்களுக்குத் தெரியுமா?"

'இல்லை' என்ற சொல் வாயில் தயாராகத்தான் இருந்தது. தாளில் ஒரு தரம், யன்னலடியில் ஒரு தரம் போன சொல், மூன்றாம் தரம் வராமல் விடுமா? ஆனால் மேசையில் விரித்து வைத்த கோவையில் கம்சனாவின் படம் இருந்தது. கறுப்புக் கோட்டு, காதில் குமுதினியின் தோடு. அதைப் பார்த்துக்கொண்டு அவளைத் தெரியாது என்று சொல்ல அவரால் ஏலவில்லை.

"என்ர பிள்ளை" என்று தமிழில்தான் வந்தது. பிறகு ஜேர்மனில் சொன்னார். "என்னுடைய மகள்."

பச்சையைக் கண்டது, சாப்பாட்டு மேசையில் சொன்னது, கோவைகளைத் திறக்காதது எல்லாவற்றையும் சொன்னார். முத்திரை உடையவில்லை, ஜூலியனே அன்றைக்குப் பார்த்தவன். அவன் நம்பினான். ஆனால் விண்ணப்பத்தை எடுத்துப் பதினான்காவது கேள்வியில் விரலை வைத்தபோது அவன் முகம் மாறியது.

"இதை ஏன் செய்தீர்கள்? உறவினர் இருப்பது தடை இல்லை, ஹெர் தம்பித்துரை. இங்கே பாதிப் பேருக்குள் உறவுதான், என் மாமி வரிக் கந்தோரில் இருக்கிறார். உறவினர் தெரிவில் கை வைக்கக்கூடாது, அதற்காக மட்டும்தான் இந்தக் கேள்வி. 'ஓம்' என்று எழுதியிருந்தால் அன்று மண்டபத்தை வேறொருவர் ஒழுங்குபடுத்தியிருப்பார். அவ்வளவுதான்."

"நான்தான் எழுத வேண்டாம் எண்டு சொன்னன். அவள் மாட்டன் எண்டவள். என்னை வேலையாலை நிப்பாட்டுங்கோ" என்றார் மகேந்திரராஜா, ஜேர்மனில், கெஞ்சி. ஜூலியன் இல்லை என்று தலையை ஆட்டினான். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டது அவள்.

சனிக்கிழமை மத்தியானம் கம்சனா வீட்டுக்கு வந்தாள். ஜூலியன் அவளுக்கும் தொலைபேசி எடுத்திருந்தான். குமுதினி வாசலிலேயே தலையில் அடித்துக்கொண்டாள். "பேர் வேறை எண்டு சொன்ன என்ர வாயைத்தான் அடிக்கவேணும்." மகேந்திரராஜா எழும்பி நின்றார். ஏசட்டும், கத்தட்டும், கோப்பையை எடுத்து எறியட்டும் என்று காத்துக்கொண்டு நின்றார்.

"கேட்ட உடனை உண்மையைச் சொன்னீங்களா அப்பா?"

"ஓம் பிள்ளை."

"அது நல்லது."

'நீங்கள்தானே சொன்னனீங்கள்' என்ற சொல்லை அவள் அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகு எப்போதும் சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்தாள், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள், போனாள். ஏசியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றாவது வியாழன். கதிரைகளை வளைத்துப் போட்டார். பெயர் அட்டைகளை நிறுத்தினார். லீவு எடுக்கச் சொல்லி ஜூலியன் கேட்டிருந்தான், மகேந்திரராஜா மாட்டேன் என்றுவிட்டார். பிள்ளையின் விதியைப் பேசுகிற இடத்தை வேறொருத்தன் துடைக்கிறதா? நிகழ்ச்சித் தாளில் ஆறாவதாக, 'ஆளணி விவகாரம், மூடிய கூட்டம்' என்று மட்டும் இருந்தது. தலைவர் தலையை ஆட்டினார். வழமையாகச் சும்மா ஆட்டுவார், அன்றைக்கு மேசையைப் பார்த்துக்கொண்டு ஆட்டினார். மகேந்திரராஜா சனத்தை வெளியே விட்டு, கதவை இழுத்துச் சாத்தினார்.

அந்தக் கதவைச் சாத்தினால் உள்ளே இடி விழுந்தாலும் கேட்காது. கருவாலி மரம், நாலு விரல் தடிப்பு. பிணைச்சலுக்கு எண்ணெய் விடுவது அவர்தான். காதை வைத்துப் பார்க்கவும் மனம் வந்தது, வைக்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு மணிக்கூட்டைப் பார்த்தார். மனிசருக்கு அரைமணி என்று சிரித்த மனிசன். அன்றைக்குப் பதினெட்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

கதவு திறந்து ஒவ்வொருவராக வந்தார்கள். இருபத்தாறு வருடமாகப் பெயர் சொல்லி வணக்கம் சொல்கிறவர்கள், ஒருத்தரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது. கேள்விகள் களவாகப் போகவில்லை என்று எழுதினார்கள், அது சரி. ஆனால் விண்ணப்பத்தில் பொய் எழுதினவரை நகரத்தின் சேவைக்கு எடுக்க முடியாது என்றும் எழுதினார்கள். அதுவும் சரிதான். ஒருத்தரும் அநியாயம் செய்யவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல், யாரைப் பிடித்துத் திட்டுவது?

கடைசியாக பிராவ் ஓஸ்ட்காம்ப் வந்தார். கண் சிவந்திருந்தது.

"அந்தப் பச்சையைக் கண்டது நீங்களா?"

"ஓம். இரண்டாயிரத்து ஒன்பதில்."

"பதினைந்து வருடம் எங்களுக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டு இதை மனதில் வைத்திருந்தீர்களா?" அவர் கையிலிருந்த கோவையை மூடினார். "நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே என் அப்பா ஒரு தச்சன் என்பதால்தான். அவள் உங்கள் வீட்டு மேசையில் இருந்து இதைப் படித்தவள் என்று தெரிந்திருந்தால், அவளை எடுக்கவேண்டிய முதல் காரணம் அதுதான் என்று எழுதியிருப்பேன்."

மகேந்திரராஜா மண்டபத்துக்குள் போய்க் கோப்பைகளை அடுக்கினார். மூன்றாவது யன்னலைப் பார்க்காமல் அடுக்கினார். என்ர கையாலேயே பிள்ளையின் சோத்திலை மண்ணள்ளிப் போட்டன் என்று வாய்விட்டுச் சொன்னார். ஒருத்தரும் இல்லாத இடத்தில் சொல்ல எல்லோருக்கும் வரும்.

வேனிற்காலத்தில் யன்னல்கள் எல்லாவற்றுக்கும் போத்தல் பச்சை அடித்தார்கள். ஆணைக்குழு ஏகமனதாக முடிவு எடுத்ததாம், இருபது வருடத்தில் முதல் தரம். பேப்பரில் படம் வந்தது. 'ஆய்வின்போது கண்டறியப்பட்ட மூல நிறம்' என்று கீழே எழுதியிருந்தார்கள். குமுதினி பேப்பரை மடித்துக் குப்பையில் போட்டாள். மகேந்திரராஜா அவள் போன பிறகு எடுத்து நீவி, அலுமாரிக்குள் வைத்தார்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்சனா மடிக்கணினியோடு வந்தாள். லூபெக்கில் ஒரு இடம் வந்திருக்கிறது என்றாள். டெங்க்மால் கந்தோர், நிரந்தர வேலை. ரயிலில் ஐந்து மணித்தியாலத்துக்கு மேலே. குமுதினி, "அவ்வளவு தூரமோ?" என்று கேட்டுவிட்டு, தானே வாயை மூடிக்கொண்டாள். அதே குசினி மேசை, அதே கதிரை. கம்சனா நிரப்பிக்கொண்டே போனாள். மகேந்திரராஜா எதிரில் இருந்து பழம் வெட்டிக்கொண்டிருந்தார். எந்தக் கேள்வியில் அவள் கை நிற்கும் என்று அவருக்குத் தெரியும். நின்றது.

"ஓம் எண்டு போடு பிள்ளை" என்றார் அவசரமாக. "என்ர பேரைப் போடு. ஹவுஸ்மைஸ்டர் எண்டும் போடு. எல்லாத்தையும் எழுது. எனக்கு ஒரு வெக்கமும் இல்லை."

கம்சனா நிமிர்ந்து தகப்பனைப் பார்த்தாள். அவ்வளவு நாளில் அன்றைக்குத்தான் அவள் கண் கலங்கினது.

"இது லூபெக் அப்பா. அங்கை ஆராவது சொந்தக்காரர் இருக்கினமோ எண்டு கேட்டிருக்கினம்."

'இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டாள்.

"அங்கை எனக்கு ஒருத்தரும் இல்லை அப்பா. இந்த முறை அது பொய் இல்லை."